தோலில் குத்திய கோடு, பட்டில் ஏறிய கதை

2025 பிப்ரவரி 1 அன்று மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் நாடாளுமன்றத்தில் பட்ஜெட் தாக்கல் செய்தார். ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவர்களுக்கு வரி இல்லை என்பதுதான் அன்றைய பெரிய செய்தி. அதற்கு அடுத்தபடியாகப் பேசப்பட்டது அவர் உடுத்தியிருந்த புடவை. வெளிர் நிறப் பட்டில் மீன்கள் வரையப்பட்டிருந்தன. மதுரையில் பிறந்த அமைச்சர் பீகாரின் மதுபனி ஓவியப் புடவையில் வந்தார் என்று தொலைக்காட்சிகள் சொல்லின. 'பாரம்பரியக் கலைக்கு மரியாதை' என்ற ஒரு வரியோடு அந்தப் பேச்சு முடிந்துபோனது.

அந்த ஒரு வரியைத்தான் இந்தப் பக்கத்தில் கொஞ்சம் விரித்துப் பார்க்க விரும்புகிறோம். பாரம்பரியம் என்றால் யாருடைய பாரம்பரியம்? அதை வரைய யாருக்கு உரிமை இருந்தது? யாருக்கு இல்லை? உரிமை இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்? இந்தக் கேள்விகளுக்கான பதில், பீகாரின் தலித் பெண்கள் தங்கள் கைகளில் குத்தியிருந்த பச்சையில் இருக்கிறது.

பாத்திரம் தேய்த்த வீட்டில் கற்ற கலை

அமைச்சரின் புடவையில் மீன் வரைந்தவர் துலாரி தேவி. மதுபனி மாவட்டம் ராண்டி கிராமத்துக்காரர். மல்லா என்ற மீனவச் சாதியில் பிறந்தவர். அமைச்சர் மதுபனிக்கு வந்திருந்தபோது தன் கையால் வரைந்த அந்தப் புடவையை அவருக்குக் கொடுத்தார்.

துலாரி தேவி பள்ளிக்கூடம் போனதில்லை. சிறு வயதிலேயே கல்யாணம் செய்து கொடுத்துவிட்டார்கள். பிறந்த பெண் குழந்தை சில மாதங்களில் இறந்துபோனது. கணவர் வீட்டை விட்டுத் தாய்வீட்டுக்கே திரும்பினார். பிழைப்புக்கு வீட்டு வேலைக்குப் போனார். அவர் வேலைக்குப் போன வீடு மஹாசுந்தரி தேவி, கர்ப்பூரி தேவி என்ற இரண்டு பெரிய ஓவியர்களின் வீடு. மஹாசுந்தரி தேவி பின்னாளில் பத்மஸ்ரீ விருது பெற்றவர்.

வாசல் பெருக்குவதற்கும் பாத்திரம் தேய்ப்பதற்கும் நடுவில் அவர்கள் வரைவதைத் துலாரி பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து குச்சியை வைத்துக்கொண்டு மண்ணில் வரைந்து பார்த்தார். ஆர்வத்தைக் கவனித்த அந்த வீட்டுப் பெண்கள் அவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்கள் செய்தது நல்ல காரியம். அதே நேரத்தில் ஒன்றையும் கவனிக்க வேண்டும். அந்த ஊரிலேயே பிறந்த ஒரு பெண், அந்த ஊரின் புகழ்பெற்ற கலையை அருகிலிருந்து பார்ப்பதற்கே வேலைக்காரியாக ஒரு வீட்டுக்குள் நுழைய வேண்டியிருந்தது.

2021-ல் துலாரி தேவிக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே சென்னையின் தாரா புக்ஸ் பதிப்பகம் அவர் சொன்ன வாழ்க்கைக் கதையை அவர் வரைந்த படங்களோடு குழந்தைகளுக்கான புத்தகமாக வெளியிட்டுவிட்டது. டெல்லி அவரைக் கவனிப்பதற்கு முன்பே சென்னை கவனித்தது என்பதில் நமக்கும் ஒரு சின்னச் சந்தோஷம்.

அவர் ஓவியங்களில் மீன் திரும்பத் திரும்ப வரும். மிதிலைப் பகுதியில் மீன் மங்கலப் பொருள். கல்யாண வீட்டுச் சுவரில் மீன் வரைவது வழக்கம். பிள்ளைப்பேறு, செழிப்பு என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். துலாரி தேவி வளர்ந்த தெருவில் மீனுக்கு வேறு பொருள் இருந்தது. அது வலையில் விழுந்தால் அன்றைக்குச் சாப்பாடு. வேறு வீட்டுப் பெண்களுக்கு மங்கலச் சின்னமாக இருந்தது அவருக்குப் பிழைப்பு. அதனால்தானோ என்னவோ, வலையும் படகும் குளமும் ஆட்களும் சேர்ந்தே அவர் ஓவியங்களில் வருகின்றன. அந்த பட்ஜெட்டில் பீகாருக்கு மக்கானா வாரியம் அறிவிக்கப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கலாம். கடைகளில் பாக்கெட்டில் விற்கும் அந்த வெள்ளை மக்கானாவின் விதையைக் குளத்துச் சேற்றில் முங்கி எடுப்பவர்களும் பெரும்பாலும் இதே மல்லா சமூகத்தினர்தான்.

மல்லா சமூகம் பீகாரில் பட்டியல் சாதியில் இல்லை. மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறது. ஆக, துலாரி தேவியின் கதை நாம் சொல்ல வந்த கதையின் பாதிதான். மறுபாதி, அவருக்கும் கீழே நிறுத்தப்பட்டவர்களுடையது.

கோட்டிலும் சாதி

சீதை பிறந்த ஊர் என்று நாம் அறிந்த மிதிலையில், வீட்டுச் சுவரில் ஓவியம் வரைவது பெண்களின் வேலை. கல்யாணத்தின்போது மணமக்கள் அறையின் சுவரில் 'கோஹ்பர்' என்ற ஓவியத்தை வரைவார்கள். தாமரை, மூங்கில், மீன், ஆமை, கிளி எல்லாம் அதில் இருக்கும்.

1934-ல் பீகாரில் பெரிய நிலநடுக்கம் வந்தது. மதுபனியில் அப்போது அதிகாரியாக இருந்த ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர், இடிந்த வீடுகளைப் பார்வையிடப் போனார். வெளியார் கண்ணில் அதுவரை படாத உள்சுவர் ஓவியங்கள் அவர் கண்ணில் பட்டன. 1949-ல் 'மார்க்' இதழில் அவற்றைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அவர் எழுதியது பிராமணர், காயஸ்தர் வீட்டு ஓவியங்களைப் பற்றி. சேரி வீடுகளும் அதே நிலநடுக்கத்தில் இடிந்தன. அந்தச் சுவர்களில் என்ன இருந்தது என்பது அந்தக் கட்டுரையில் இல்லை.

1966-67-ல் பீகாரைக் கடும் வறட்சி தாக்கியது. வருமானத்துக்கு வழி செய்ய, அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியத்தின் பொறுப்பில் இருந்த புபுல் ஜெயகர், பாஸ்கர் குல்கர்னி என்ற ஓவியரை மதுபனிக்கு அனுப்பினார். அவர் பெண்களிடம் காகிதத்தைக் கொடுத்து, சுவரில் வரைவதை இதில் வரையுங்கள் என்றார். சுவரிலிருந்து காகிதத்துக்கு, காகிதத்திலிருந்து துணிக்கு, பருத்தியிலிருந்து பட்டுக்கு என்று இந்தக் கலை நகர்ந்தது இப்படித்தான்.

காகிதம் வந்தபோதும் அது முதலில் போய்ச் சேர்ந்தது மேல்சாதித் தெருக்களுக்கு. பிராமணப் பெண்களின் பாணிக்குப் 'பர்னி' என்று பெயர் வந்தது. உருவங்களைக் கோட்டுக்குள் அடர்ந்த நிறங்களால் நிரப்புவது அது. காயஸ்தப் பெண்களின் பாணி 'கச்னி'. நிறத்தைக் குறைத்து, மெல்லிய கோடுகளாலேயே உருவத்தை நிரப்புவார்கள். இராமாயணக் காட்சி, கிருஷ்ண லீலை, கோஹ்பர் எல்லாம் அந்த வீடுகளின் சொத்தாகவே கருதப்பட்டன. கோட்டை எப்படி இழுப்பது என்பதில்கூடச் சாதி இருந்தது.

ஏழைப் பெண்ணின் நகை

மதுபனி நகரை ஒட்டியுள்ள ஜித்வார்பூர் இந்த ஓவியத்துக்குப் பேர்போன கிராமம். அங்கே துசாத் சமூகத்தினர் கணிசமாக வாழ்கிறார்கள். மறைந்த தலைவர் ராம்விலாஸ் பாஸ்வான் பிறந்த சமூகம் அது. பீகாரின் பெரிய பட்டியல் சாதிகளில் ஒன்று. ஊர்க்காவல் வேலையும் பண்ணைக் கூலியும்தான் அவர்களுக்கு விதிக்கப்பட்டிருந்த தொழில்கள்.

பக்கத்துத் தெருவில் காகிதம் பணமாவதைத் துசாத் பெண்களும் பார்த்தார்கள். 1970-களில் ஜெர்மனியிலிருந்து ஆய்வுக்காக வந்த எரிக்கா மோசர் என்ற மானிடவியலாளர், நீங்களும் வரையுங்கள் என்று அவர்களை ஊக்கப்படுத்தினார். எதை வரைவது? மேல்சாதி வீட்டுக் கோஹ்பர் அவர்களுடையது அல்ல. அந்தச் சாமிக் கதைகளும் அவர்களுடையவை அல்ல.

சானோ தேவி என்ற துசாத் பெண்ணும் அவரைச் சேர்ந்தவர்களும் கண்டுபிடித்த பதில் மிக எளிமையானது. அவர்கள் தங்கள் கையைப் பார்த்தார்கள். முன்கையிலும் காலிலும் பச்சை குத்தியிருந்தது. இந்தியில் பச்சை குத்துவதைக் 'கோத்னா' என்பார்கள். நட் சமூகப் பெண்கள் ஊர் ஊராக வந்து ஊசியால் குத்திவிட்ட கோலங்கள் அவை. புள்ளி, வட்டம், வரிசை வரிசையாகச் சின்ன மனிதர்கள், பூ, மீன், யானை. அதையே காகிதத்தில் வைத்தார்கள். விளக்குக் கரியில் செய்த கறுப்பும் மூங்கில் குச்சியும் போதுமானதாக இருந்தது. 'கோத்னா ஓவியம்' பிறந்தது.

நம் ஊர்ப் பாட்டிகளிடம் கேட்டால் பச்சையைப் பற்றி ஒன்று சொல்வார்கள். நகை போட்டுக்கொள்ள வசதியில்லாதவளுக்குப் பச்சைதான் நகை. திருடனும் எடுக்க முடியாது, அடகுக் கடைக்கும் போகாது, செத்தாலும் கூடவே வரும். பீகாரிலும் இதே நம்பிக்கைதான். தங்கம் எட்டாத பெண்கள் தங்கள் உடம்பையே நகையாக்கிக்கொண்ட கோலங்கள் அவை. அந்தக் கோலங்கள்தான் இன்றைக்குப் பட்டுப்புடவையின் கரையிலும் முந்தானையிலும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. தங்க நகைக்குப் பொருத்தமாக இருக்கும் என்று அந்தப் புடவையை வாங்குகிறார்கள்.

ஜித்வார்பூரின் இன்னொரு பெயர் ஜமுனா தேவி. தோல் தொழிலோடு பிணைக்கப்பட்ட சமார் சமூகத்தவர். காகிதத்தின் மேல் சாணக் கரைசலைப் பூசி, அது காய்ந்த பிறகு வரையும் வழக்கம் அவரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. மண்சுவரின் நிறம் காகிதத்துக்கு வந்தது. சாணம் அள்ளுவதும் வழிப்பதும் தலித் பெண்களின் தலையில் கட்டப்பட்ட வேலை. அதே சாணம் ஓவியத்தின் அடிநிறமாகி, பிறகு மற்ற சாதி ஓவியர்களும் எடுத்துக்கொண்ட முறையானது.

சல்ஹேஷ் ராஜாவின் யானை

கோத்னா ஓவியங்களில் யானை மேல் ஒரு வீரன் வருவான். முன்னும் பின்னும் குதிரைகள், பூக்கூடை ஏந்திய பெண், காவலுக்குப் புலி. அந்த வீரன் ராஜா சல்ஹேஷ், துசாத் மக்களின் குலசாமி. ஊர் எல்லையிலோ மரத்தடியிலோ அவருக்குச் சின்னக் கோயில் இருக்கும். யானை, குதிரைகளை மண்ணில் செய்து வைத்திருப்பார்கள். நம் ஊர் எல்லையில் மதுரை வீரனையும் காத்தவராயனையும் பார்த்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள விளக்கம் தேவையில்லை. பாட்டிலும் கூத்திலும் வாய்வழியாக வந்த கதை. எழுதப்பட்ட புராணங்களில் இடம் கிடைக்காத சாமி.

துசாத் மக்கள் ராகுவையும் கும்பிடுகிறார்கள். அந்தப் பூசையில் பூசாரி தீ மிதிப்பார். மேல்சாதி மரபில் ராகு அமுதத்தைத் திருடிய அசுரன், சூரியனை விழுங்கும் தீய கிரகம். துசாத் மக்களுக்கு அவர் கும்பிட வேண்டிய தெய்வம். பந்தியில் உட்கார்ந்து உண்டதற்காகத் தலை வெட்டப்பட்டவரை யார் தெய்வமாக்குவார்கள் என்று யோசித்தால் இதன் அர்த்தம் விளங்கும்.

ஆக, இந்தப் பெண்களுக்கு ஓவியத்தின் தூண்டுதல் இரண்டு இடங்களிலிருந்து வந்தது. ஒன்று உடம்பு, மற்றொன்று சேரியின் கதை. அனுமதி இல்லாத வாசலில் நின்று கெஞ்சவில்லை. தங்களிடம் இருந்ததை எடுத்து வைத்தார்கள்.

அடுத்த தலைமுறை இன்னும் ஒரு படி போனது. பாட்னாவைச் சேர்ந்த தலித் ஓவியர் மாளவிகா ராஜ், மிதிலைப் பாணியில் புத்தரின் வாழ்க்கையையும் அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையையும் வரைகிறார். கோஹ்பரில் தாமரை இருந்த இடத்தில் போதி மரம் வந்துவிட்டது.

பட்டு எப்படி ஓவியமாகிறது

பட்டில் வரைவது காகிதத்தில் வரைவதைப் போன்றது அல்ல. மதுபனி ஓவியத்துக்குப் பெரிதும் எடுத்துக்கொள்வது பீகாரின் பாகல்பூரில் நெய்யும் டஸ்ஸர் பட்டு. நம் காஞ்சிபுரம் பட்டுப் போல வழவழப்பும் பளபளப்பும் இருக்காது. காட்டு மரங்களில் வளரும் புழுவின் கூட்டிலிருந்து வருவது. நூல் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும். சாயம் போடாத டஸ்ஸருக்குத் தேன் நிறம். மண் மெழுகிய சுவரின் நிறத்துக்குப் பக்கத்தில் வரும். கோத்னாவின் கறுப்புக் கோடு அதில் எடுப்பாகத் தெரிவதற்கு அதுவும் காரணம்.

துணியில் கஞ்சிப் பசை இருந்தால் நிறம் ஒட்டாது. அதனால் முதலில் அலசி, காய வைத்து, சுருக்கம் எடுக்கிறார்கள். பிறகு துணியை இழுத்துப் பிடித்து விரிக்க வேண்டும். ஐந்தரை மீட்டரையும் ஒரே நேரத்தில் விரிக்க எந்தக் குடிசையில் இடம் இருக்கிறது? மடியில் ஒரு பகுதியை வைத்து வரைந்து, காய்ந்த பிறகு அடுத்த பகுதிக்கு நகர்வார்கள். முழுப் படமும் கண்முன்னால் இருக்காது, மனசுக்குள்தான் இருக்க வேண்டும்.

முதலில் கோடு. எழுதும் பேனாவின் நிப்பையோ மூங்கில் குச்சியையோ கறுப்பில் தொட்டு இழுக்கிறார்கள். காகிதத்தில் தப்பு வந்தால் வேறு காகிதம் எடுக்கலாம். பட்டில் விழுந்த கோட்டை அழிக்க முடியாது. கை நடுங்கினால் அந்த நடுக்கத்தை ஒரு இலையாகவோ மீன் செதிலாகவோ மாற்றிவிட வேண்டியதுதான். டஸ்ஸரின் தடித்த நூலில் நிப் மாட்டும். மாட்டினால் மை கொட்டும். அதனால் நூல் போகும் திசையைப் பார்த்துக் கையைக் கொண்டு போகப் பழக வேண்டும்.

அடுத்தது நிறம். சுவருக்கும் காகிதத்துக்கும் மஞ்சள், இலைச் சாறு, பூ, கரி ஆகியவற்றில் எடுத்த நிறங்கள் போதும். புடவை துவைக்கப்படும் பொருள். செடிச் சாறு தண்ணீரில் போய்விடும். ஆகவே துணிகளுக்கென்று கடையில் விற்கும் சாயங்களைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். அதில் தண்ணீர் அதிகமானால் நிறம் நூல் வழியே ஓடிக் கோட்டைத் தாண்டிவிடும். குறைந்தால் பாளமாகக் காய்ந்து, மடித்து வைக்கும்போது வெடிக்கும். பஞ்சு சுற்றிய குச்சியால் தொட்டுத் தொட்டு நிரப்புகிறார்கள். நன்றாகக் காய்ந்த பிறகு துணியின் பின்பக்கத்தில் இஸ்திரி போட்டால் சூட்டில் நிறம் பிடித்துக்கொள்ளும்.

எந்த இடத்தில் எதை வரைவது என்பதும் தனிக் கணக்கு. கொசுவத்தில் மறையும் பகுதியில் பெரிய உருவம் வரைந்து பயனில்லை. அங்கே சின்னச் சின்ன மீன்களோ புள்ளிகளோ போதும். முந்தானை தோளிலிருந்து பின்னால் தொங்கும். அங்கே வரும் சல்ஹேஷின் யானை, புடவையைத் தரையில் விரித்திருக்கும்போது எப்படித் தெரிகிறது என்பது முக்கியமில்லை. ஒரு பெண்ணின் முதுகில் தொங்கும்போது நேராக நிற்க வேண்டும். அதற்கேற்பத் துணியைத் திருப்பி வைத்து வரைகிறார்கள். கோத்னாவின் வரிசைக் கோலங்கள் கரைக்கு அப்படியே பொருந்திவிடும். முன்கையைச் சுற்றிக் குத்திய வரிசைதானே, புடவையின் ஓரத்திலும் அழகாகச் சுற்றி ஓடும்.

அடர்த்தியாக வரைந்தால் ஒரு புடவைக்குப் பல வாரங்கள்கூட ஆகும். வீட்டில் மகள், மருமகள் என்று இரண்டு மூன்று பேர் சேர்ந்து உட்காருவார்கள். ஒருவர் கோடு இழுக்க, மற்றவர்கள் நிறம் நிரப்புவார்கள்.

பெயர் இல்லாத கைகள்

இவ்வளவு உழைப்பும் கடைக்கு வரும்போது என்னவாகிறது? புடவையில் ஒட்டிய சீட்டில் 'மதுபனி' என்று ஊரின் பெயர் இருக்கும், விலை இருக்கும், கடையின் பெயர் இருக்கும். வரைந்தவரின் பெயர் இருக்காது. காகித ஓவியத்தின் மூலையில் கையெழுத்துப் போடும் வழக்கம் வந்துவிட்டது. புடவையில் அது அபூர்வம். வியாபாரி பட்டைக் கொடுக்கிறார், மாதிரியைக் கொடுக்கிறார், கூலியைக் கொடுத்து வாங்கிக்கொள்கிறார். ஓவியர் கூலியாள் ஆகிவிடுகிறார். பண்ணையில் நடவு நட்டதற்குக் கூலி வாங்கிய அதே கணக்கு, இங்கே பட்டில் நடக்கிறது.

மதுபனி ஓவியத்துக்கு 2007-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை வழங்கும் இந்தியாவின் பதிவகம் இருப்பது நம் சென்னை கிண்டியில். குறியீடு ஊரின் பெயரைக் காப்பாற்றுகிறது. தனிக் கலைஞர் அதன் பலனை அடைய, 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். 2020-ல் விதிகளைத் திருத்திய பிறகு அதற்கான கட்டணம் 10 ரூபாய்தான். பணம் பெரிய தடை இல்லை. அந்தத் தகவலும் படிவமும் சேரிக்குப் போய்ச் சேருவதுதான் தடை.

விருதுகளின் கணக்கையும் பார்க்கலாம். மிதிலை ஓவியத்துக்கு முதல் பத்மஸ்ரீ 1975-ல் ஜகதம்பா தேவிக்குக் கிடைத்தது. 1981-ல் சீதா தேவி, 1984-ல் கங்கா தேவி என்று பட்டியல் தொடர்ந்தது. கோத்னா ஓவியத்துக்காகத் துசாத் சமூகத்தின் சாந்தி தேவி பாஸ்வான், சிவன் பாஸ்வான் தம்பதிக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது 2024-ல். நடுவில் 49 ஆண்டுகள். சானோ தேவி காகிதத்தில் வைத்த முதல் கோட்டிலிருந்து டெல்லியின் மேடைக்கு ஒரு தலைமுறைக்கு மேல் ஆகியிருக்கிறது.

அச்சு மிதிலைக்காரர்களுக்கு இன்னொரு இடி. மதுபனி ஓவியத்தைக் கணினியில் எடுத்து, செயற்கைப் பட்டில் அச்சடித்துச் சில நூறு ரூபாய்க்கு விற்கிறார்கள். வாங்குபவர்கள் ஏமாறாமல் இருக்க ஒரு வழி உண்டு. ஒரே புடவையில் இரண்டு மீன்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கையால் வரைந்தது என்றால் செதில்களின் எண்ணிக்கையோ கண்ணின் வட்டமோ கொஞ்சம் மாறியிருக்கும். அச்சு என்றால் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. கோட்டைத் தடவிப் பார்த்தாலும் கைவேலையில் சாயம் விரலுக்கு லேசாகத் தட்டுப்படும்.

துணி நமக்கும் பிரச்சினைதான்

பட்டுப்புடவையில் ஓவியம் வரைவது தலித் பிரச்சினையா என்று யாராவது கேட்கலாம். அவர்களுக்கு நம் பக்கத்து வரலாற்றிலிருந்தே ஒன்றை நினைவுபடுத்துகிறோம். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிட மக்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். தங்க, வெள்ளி நகை போடக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக்கூடாது, சட்டையோ பனியனோ போடக்கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேல் உடம்பை மறைக்கக்கூடாது, பூ வைக்கக்கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன.

நூறு ஆண்டுகூட ஆகவில்லை. எதை உடுத்தலாம் என்பதையே அடுத்தவர் முடிவு செய்த காலத்தில் நம் பாட்டிகள் வாழ்ந்திருக்கிறார்கள். அதனால் பட்டைத் தலித் பெண் தொடுகிறாள், அதில் தன் சாமியை வரைகிறாள், நாடே அதைப் பாராட்டுகிறது என்றால் அது நமக்கு வெறும் அழகுச் செய்தி அல்ல. அந்தப் பாராட்டு அவள் பெயரோடு, அவளுக்குரிய கூலியோடு வர வேண்டும் என்று கேட்கிற உரிமையும் நமக்கு இருக்கிறது.

நம்மால் ஆகக்கூடியவை

கைவேலைப் புடவை வாங்கும் இடத்தில் 'வரைந்தது யார்' என்று ஒரு கேள்வி கேட்கலாம். அரசு விற்பனை நிலையங்களிலும் கண்காட்சிகளிலும் கலைஞரின் பெயரைச் சீட்டில் அச்சிடச் சொல்லிக் கோரலாம். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது முறை கடைக்காரரே சொல்லத் தொடங்குவார்.

நம் மாநிலத்தில் கருப்பூர் கலம்காரிக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. துணியில் வரையும் கலை நமக்குப் புதிதல்ல. ஓவியக் கல்லூரிகளிலும் ஆடை வடிவமைப்பிலும் படிக்கும் நம் பிள்ளைகள் இன்று இருக்கிறார்கள். அவர்கள் மத்திய அரசின் கைவினைஞர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். சொந்தமாகத் தொழில் தொடங்க நினைப்பவர்கள் தாட்கோ மாவட்ட அலுவலகத்தில் கடன் திட்டங்களைப் பற்றி விசாரிக்கலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நம் காலனிகளில் எழுபது, எண்பது வயதுப் பாட்டிகளின் முன்கைகளில் இன்னும் பச்சை இருக்கிறது. புள்ளிக் கோலம், தேள், பூங்கொடி, அண்ணன் பெயர், அம்மன் பெயர். தோல் சுருங்கச் சுருங்கக் கோடுகளும் மங்குகின்றன. பேரப் பிள்ளைகள் கையில் செல்போன் இருக்கிறது. நல்ல வெளிச்சத்தில் அந்தக் கையைப் படம் எடுங்கள். எந்த வயதில் குத்தியது, யார் வந்து குத்தினார்கள், அந்தக் கோலத்துக்கு என்ன பெயர் என்று கேட்டு எழுதி வையுங்கள். ஒரு நோட்டில் அதை அப்படியே வரைந்தும் வையுங்கள். ஜித்வார்பூர்ப் பெண்கள் தங்கள் கலையைத் தொடங்கியது அந்த இடத்திலிருந்துதான்.